சுட்டுதலின் எடை: பக்க மதிப்பெண் வந்த வழி

ஓர் எழுத்தின் தகுதியை, அதைச் சுட்டும் பிற எழுத்துகளைக் கொண்டு அளக்கும் வழக்கம் இணையத்துக்குப் பல தலைமுறை முந்தியது. 1873இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர், ஒரு தீர்ப்பைப் பின்னாளில் எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன, எவை ஏற்றன, எவை தள்ளின என்பதை வழக்கறிஞர்களுக்குத் தொகுத்துத் தரத் தொடங்கினார். அம்முறையை முன்மாதிரியாகக் கொண்டு, அறிவியல் கட்டுரைகளுக்கும் மேற்கோள் அட்டவணை வேண்டும் என்று 1955இல் வாதிட்ட யூஜின் கார்ஃபீல்டு, 1960களில் அதைத் தாமே வெளியிட்டார். 1976இல் பின்ஸ்கி, நாரின் ஆகிய இருவரும், எல்லா மேற்கோள்களையும் ஒன்றுபோல எண்ணாமல், செல்வாக்குள்ள இதழிலிருந்து வருவதற்குக் கூடுதல் எடை தரும் கணக்கை வகுத்தனர்.

இக்கருத்தே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர்களான லாரி பேஜ், செர்ஜி பிரின் ஆகியோரின் கையில், இணையப் பக்கங்களை மதிப்பிடும் பேஜ்ரேங்க் ஆயிற்று. 1998இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின்படி, ஒரு பக்கம் தன் மதிப்பைத் தான் இணைப்புத் தரும் பக்கங்களுக்குச் சமமாகப் பங்கிடுகிறது: மதிப்பு 6 உள்ள பக்கம் மூன்று பக்கங்களுக்கு மட்டும் இணைப்புத் தந்தால் ஒவ்வொன்றின் பங்கு 2, அறுபது பக்கங்களுக்குத் தந்தால் 0.1. இணைப்புகளைத் தொடர்ந்து செல்லும் வாசகர் ஒரு கட்டத்தில் சலித்து வேறெங்கோ தாவிவிடுவார் என்பதற்கான கழிவாக, அப்பங்கு 0.85ஆல் பெருக்கப்படும். ஆயினும் அந்தக் கட்டுரையிலேயே பேஜ்ரேங்க் தனித்துத் தேடல் முடிவுகளின் வரிசையை முடிவு செய்யவில்லை. தேடிய சொல் தலைப்பில் உள்ளதா, இணைப்பின் வாசகத்தில் உள்ளதா, தேடிய சொற்கள் எவ்வளவு அருகருகே வருகின்றன என்பவையும் உடன் எண்ணப்பட்டன.

2000ஆம் ஆண்டின் இறுதியில், அவர்கள் இருவரும் நிறுவிய கூகுள் தன் கருவிப்பட்டையில் இம்மதிப்பை 0 முதல் 10 வரையிலான பச்சைக் கோடாகக் காட்டத் தொடங்கியபின், உயர்மதிப்புப் பக்கங்களில் இணைப்பை விலைக்கு வாங்கித் தரும் தரகு வளர்ந்தது. அத்தகைய தரகில் இறங்கிய சர்ச்கிங் நிறுவனம், தன் மதிப்பு குறைக்கப்பட்டதை எதிர்த்துத் தொடுத்த வழக்கை 2003இல் ஓக்லஹோமாவின் கூட்டாட்சி நீதிமன்றம் தள்ளுபடி செய்தது; பேஜ்ரேங்க் ஒரு கருத்து, அதற்குப் பேச்சுரிமையின் பாதுகாப்பு உண்டு என்பது அதன் முடிவு. 2005இல் மதிப்பைக் கடத்தாத இணைப்புக் குறியும், 2012இல் கூகுளின் தேடல் முறையில் செயற்கை இணைப்புகளைக் குறிவைத்த பெங்குவின் என்னும் மாற்றமும் வந்தன. 2016இல் அந்தப் பச்சைக் கோடே அகற்றப்பட்டது.

அவ்விடத்தை நிரப்பியவற்றுள் ஒன்று, மோஸ் நிறுவனம் முன்பே உருவாக்கியிருந்த பேஜ் அத்தாரிட்டி. தான் திரட்டிய இணைப்புத் தரவுகளைக் கொண்டு, ஒரு பக்கம் தேடல் முடிவுகளில் எவ்வளவு மேலே வரக்கூடும் என்பதை 1 முதல் 100 வரையிலான எண்ணாக அது கணிக்கிறது. மேலே செல்லச் செல்ல ஒவ்வொரு படியும் கடினமாகும் மடக்கை அளவுகோல் என்பதால், 20இலிருந்து 30க்கு ஏறுவதைவிட 70இலிருந்து 80க்கு ஏறுவது மிக அரிது. கூகுள் இந்த எண்ணைப் பயன்படுத்துவதில்லை. ஆகவே எண் உயர்வதால் மட்டும் பக்கம் மேலே வந்துவிடாது. நீதிமன்றம் பேஜ்ரேங்கைக் கருத்து என்றது என்றால், பேஜ் அத்தாரிட்டி அக்கருத்தை வெளியிலிருந்து ஊகிக்கும் முயற்சியாகும். ஒரே பொருளில் போட்டியிடும் இரு பக்கங்களின் இணைப்பு வலிமையை ஒப்பிட அது உதவுமே தவிர, அவற்றுள் எது தேடியவருக்கு விடை தருகிறது என்பதை அதனால் சொல்ல இயலாது.