சென்னையில் உதித்த பச்சைச் சூரியன்

ஐஸ்லாந்தின் கறுத்த எரிமலைப் பாறைகளுக்கு மேலே, நள்ளிரவில் பச்சைத் திரைபோல அசையும் துருவ ஒளியைப் படத்தில் பார்த்து வியக்காதவர்கள் குறைவு. சூரியனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்கள் பூமியின் காந்தப்புலத்தில் சிக்கி, சுமார் 100 கி.மீ. உயரத்தில் காற்றணுக்களோடு மோதுவதால் உண்டாகும் ஒளி அது. கடும் சூரியப்புயலின்போது மட்டும் அது துருவத்தை விட்டுத் தெற்கே இறங்கும். 1872 பிப்ரவரி 4 அன்று பம்பாயில்கூடத் தெரிந்ததாகச் செய்தி உண்டு. 2024 மே மாதம் லடாக்கின் ஹன்லே வானம் சிவந்தது.

தாம்பரத்தில் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்து எத்தனை வருடம் காத்திருந்தாலும் அந்த ஒளி தெரியப் போவதில்லை. காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. துருவ ஒளிக்கு இதைவிடத் தள்ளிய இடம் கிடைப்பது கஷ்டம்!

ஆனால் சென்னை வானத்துக்கும் ஒருமுறை பச்சை நிறம் வந்தது. அதைப் பூசியது ஓர் எரிமலை.

மங்கிப்போன சூரியன்

1883 செப்டம்பர் 9 வாக்கில், மாலைச் சூரியன் ஒளி குன்றி, வெறும் கண்ணால் பார்க்கும் அளவுக்கு மங்கிப்போனது. அதை அடுத்த நாட்களில் உதயத்திலும் அஸ்தமனத்திலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. சென்னையில் மட்டுமல்ல, தென்னிந்தியாவின் பல ஊர்களிலும் இலங்கையிலும் இதே காட்சிதான். சில நாட்களில் மறைந்த பச்சை, அந்த மாதக் கடைசி வாரத்தை ஒட்டி மறுபடியும் எட்டிப் பார்த்தது.

லட்சக்கணக்கானவர்களைப் பலிகொண்ட தாது வருஷப் பஞ்சம் முடிந்து அப்போது ஐந்தாறு வருடங்கள்தான் ஆகியிருந்தன. அந்தத் தலைமுறைக்கு வானத்தைப் பார்ப்பது பொழுதுபோக்கு அல்ல. மழை வருமா என்ற கவலையோடு அண்ணாந்து பார்த்த வானம் அது. அதில் சூரியனே நிறம் மாறினால் எப்படி இருந்திருக்கும்!

ஒரு கல்லூரி ஆசிரியரின் நிறமாலைக் கருவி

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் அப்போது சார்லஸ் மிக்கி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இயற்பியல் பேராசிரியராக இருந்தார. இன்று அந்தக் கல்லூரி என்றதும் தாம்பரமும் மரங்கள் அடர்ந்த அதன் வளாகமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது 1937ல்தான். 1883ல் அது ஜார்ஜ் டவுனில் இயங்கிக் கொண்டிருந்தது.

மிக்கி ஸ்மித் வியந்து பார்த்ததோடு நிற்கவில்லை. சூரிய ஒளியை நிறமாலைக் கருவியில் பிரித்துப் பார்த்தார். நிறமாலையின் சிவப்புப் பக்கம் மங்கியிருந்தது. காற்றிலுள்ள நீராவி உண்டாக்கும் கருங்கோடுகள் வழக்கத்தைவிட அழுத்தமாக இருந்தன. இவற்றைக் குறித்துவைத்து, எடின்பரோ ராயல் சொசைட்டிக்குக் கட்டுரையாக அளித்தார். காரணம் நீராவியா, தூசியா, தூசி என்றால் எங்கிருந்து வந்தது என்று அறிஞர்களுக்குள் பெரிய விவாதமே நடந்தது.

எங்கிருந்து வந்தது?

விடை சுமார் 3,500 கி.மீ. தொலைவில் இருந்தது. ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையே சுண்டா நீரிணையில் உள்ள கிரக்கத்தோவா எரிமலை, 1883 ஆகஸ்ட் 26, 27 தேதிகளில் வெடித்துச் சிதறியது. அந்தச் சத்தம் சுமார் 4,800 கி.மீ. தள்ளியிருந்த ரோட்ரிக்ஸ் தீவில் பீரங்கி முழக்கம்போலக் கேட்டது. 36,000க்கும் அதிகமானோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பு அல்ல, வெடிப்பு கிளப்பிய கடலலை.

இங்கே ஒரு கேள்வி எழும். ஆகஸ்ட் 27ல் வெடித்த மலையின் தூசி, வங்கக் கடலைத் தாண்டிச் சென்னைக்கு வர ஏன் ஏறத்தாழ இரண்டு வாரம் ஆனது?

ஏனென்றால் அது வேறு வழியாக வந்தது. பல ஊர்களின் தேதிகளை வரிசைப்படுத்தியபோது புதிர் அவிழ்ந்தது. இந்தியப் பெருங்கடலையும் ஆப்பிரிக்காவையும் தாண்டி, செப்டம்பர் 2ல் டிரினிடாட், 5ல் ஹவாய்த் தீவுகளின் ஹொனலுலு, அதன்பின் தென்னிந்தியா. பூமத்திய ரேகையை ஒட்டி, மேற்கு நோக்கி, உலகத்தையே ஏறக்குறைய ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அந்தத் தூசி சென்னைக்கு வந்திருக்கிறது! ஒரு சுற்றுக்குச் சுமார் 13 நாட்கள். மாதக் கடைசியில் பச்சை திரும்பி வந்ததும் இந்தக் கணக்கோடு பொருந்துகிறது.

விமானமோ செயற்கைக்கோளோ இல்லாத காலத்தில், அவ்வளவு உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்று வீசுகிறது என்பது இப்படித்தான் தெரியவந்தது. லண்டன் ராயல் சொசைட்டி 1888ல் வெளியிட்ட பெரிய அறிக்கையில் சென்னையின் குறிப்புகளும் இடம் பிடித்தன.

பச்சை நிறத்துக்குக் காரணம் துகள்களின் அளவு. சாதாரணமாகக் காற்று நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால்தான் அந்திச் சூரியன் சிவக்கிறது. துகள்கள் ஏறக்குறைய ஒரே அளவில், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டி அமைந்துவிட்டால், கதை தலைகீழாகும். சிவப்பு அதிகம் சிதறி, பச்சையும் நீலமும் நம்மை வந்து சேரும்.

கடல் சொன்ன செய்தி

வானம் நிறம் மாறுவதற்கு முன்பே கிரக்கத்தோவா இந்தக் கரையைத் தொட்டுவிட்டது. வெடித்த அன்றே அதன் அலை வங்கக் கடலைக் கடந்து வந்தது. சென்னை, நாகப்பட்டினம், விசாகப்பட்டினம் துறைமுகங்களில் இருந்த அலைமானிகள் அதைப் பதிவு செய்தன. இந்திய நில அளவைத் துறை இதைப் பற்றி அறிக்கையே எழுதியது. நம் கரையில் பெரிய சேதம் இல்லை.

அதனாலேயே அது மறந்தும் போனது. 2004 டிசம்பர் 26 காலை, சுமத்ராவிலிருந்து மீண்டும் ஓர் அலை கிளம்பியபோது, கோவளம் முதல் நாகப்பட்டினம் வரை கரையில் இருந்தவர்களுக்கு அப்படி ஒன்று வரக்கூடும் என்றே தெரியாது. பலருக்கு 'சுனாமி' என்ற சொல்லே புதிது. தமிழகத்தில் ஏறக்குறைய 8,000 பேர் இறந்தார்கள். ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது 2007ல். அந்தத் திசையிலிருந்து கடல் எழுந்து வரும் என்ற குறிப்பு மட்டும் 120 வருடங்களாக ஆவணங்களில் கிடந்தது.

மிக்கி ஸ்மித் 1891ல் அரசு வானியலாளர் ஆனார். 1899ல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் முதல் இயக்குநரும் அவரே. பச்சைச் சூரியனைக் குறித்துவைத்தவர், மீதி வாழ்நாளைச் சூரியனுக்கே கொடுத்துவிட்டார். அந்த ஆய்வகம் இன்றும் வானம் தெளிந்திருக்கும் நாட்களில் சூரியனைப் படம் எடுத்துக் கொண்டுதான் இருக்கிறது.