மிதப்பு விசைக் கணக்கீடு

நீரில் முழுதாகவோ ஓரளவோ அமிழ்ந்த பொருளை நீர் மேல்நோக்கித் தள்ளும் விசையே மிதப்பு விசை. ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தமும் கூடும். அதனால் பொருளின் மேற்பக்கத்தைவிட அடிப்பக்கம் வலுவாக அழுத்தப்படுகிறது. சிராக்யூஸ் நகரத்து ஆர்க்கிமிடீஸ் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் இதன் அளவை வரையறுத்தார்: பொருள் எவ்வளவு நீரை ஒதுக்குகிறதோ, அந்த நீரின் எடையே மிதப்பு விசை.

பொருளின் எடையிலிருந்து கணக்கைத் தொடங்குவது பலருக்கும் பழக்கம். அமிழ்ந்த பருமனிலிருந்து தொடங்குவதே சரி. அந்தப் பருமனை நீரின் அடர்த்தியாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் (9.8 மீ/வி²) பெருக்கினால் விசை நியூட்டனில் கிடைக்கும். நடைமுறைக்குக் கிலோ கணக்கே போதும்: நன்னீரில் லிட்டருக்கு 1 கிலோ, கடல்நீரில் சுமார் 1.025 கிலோ. 27 கிலோ கருங்கல்லின் பருமன் ஏறத்தாழ 10 லிட்டர். கிணற்று நீருக்குள் அதைத் தூக்கும்போது கயிற்றில் 17 கிலோ கனமே தெரியும். நீர்மட்டத்தைத் தாண்டியதும் முழுக் கனமும் கைக்கு வந்துவிடும்.

மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை ஒதுக்கும்வரைதான் அமிழும். கோயில் குளங்களில் காலி இரும்புப் பீப்பாய்களின்மேல் கட்டப்படும் தெப்பம் இதற்கு நல்ல சான்று. 200 லிட்டர் பீப்பாயின் எடை சுமார் 20 கிலோ. முழுக்க அமிழ்ந்தால், சொந்த எடை போக 180 கிலோ தாங்கும். அந்த எல்லைவரை ஏற்றுவது ஆபத்து. அதற்குமேல் ஒருவர் ஏறினாலும் தளம் நீருக்குள் இறங்கத் தொடங்கும். பாதி அமிழ்வையே எல்லையாகக் கொண்டால் பீப்பாய்க்கு 80 கிலோ, 60 பீப்பாய்களுக்கு 4,800 கிலோ. மரச்சட்டம், பலகை, அலங்காரம், ஜெனரேட்டர் எல்லாம் சேர்ந்து 3,000 கிலோ என்றால், ஆளுக்கு 70 கிலோ வீதம் 25 பேர் ஏறலாம்.

மொத்த எடை சரியாக இருந்தும் தெப்பம் கவிழலாம். எடை ஈர்ப்பு மையத்தின் வழியே கீழ்நோக்கியும், மிதப்பு விசை ஒதுக்கப்பட்ட நீரின் மையமான மிதப்பு மையத்தின் வழியே மேல்நோக்கியும் செயல்படுகின்றன. எல்லோரும் ஒரே ஓரத்துக்கு நகர்ந்தால் ஈர்ப்பு மையமும் அப்பக்கம் நகர்ந்து தெப்பம் சாயும்; அங்குள்ள பீப்பாய்கள் முழுக்க அமிழ்ந்துவிடும். அதன்பின் அவற்றால் கூடுதலாகத் தாங்க முடியாது. ஆகவே ஓர வரிசைக்கென்று தனியாகக் கணக்குப் போட வேண்டும். கசிவுக்கும் இடம் விட வேண்டும்: பீப்பாய்க்குள் புகும் ஒவ்வொரு லிட்டர் நீரும் தாங்குதிறனில் 1 கிலோவைக் குறைக்கும்.