சோழியும் பாஸ்புக்கும்

2016 பிப்ரவரியில் மஸ்கட்டிலிருந்து லீவில் குளத்தூர் போயிருந்தேன். குளத்தூர் என்றால் சென்னைக்காரர்கள் வேறு எதையோ நினைப்பார்கள். நான் சொல்வது நெய்யாற்றின்கரை தாலுகாவில், பாறசாலைக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கும் குளத்தூர். 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கும் சென்னை மாநிலத்துக்குப் போக, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. அதனால் எங்களுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் சொந்தம்.

லீவில் வந்தவனுக்குக் காலைத் தூக்கம் கிடைக்கவில்லை. அக்கா மகன் மூன்று நாள் தொடர்ந்து விடியலில் பாறசாலை ஸ்டேஷனில் ரயில் பிடிக்க வேண்டியிருந்தது. கொண்டு விடும் டிரைவர் அடியேன்தான். எங்கேடா என்றால், "திருவனந்தபுரத்துல அல்காரிதம் மாநாடு மாமா" என்றான். அல்காரிதம் என்றால் கம்ப்யூட்டர் பையன்கள் சமாச்சாரம், பி.காம். படித்தவனுக்கு அங்கே என்ன வேலை என்று அன்று நினைத்தேன்.

அவன் போனது கால்டம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மாநாட்டுக்கு. அல்காரிதங்கள் பற்றியும், அவற்றுக்கு அடிப்படையான டிஸ்கிரீட் கணிதம் நடைமுறையில் பயன்படுவது பற்றியும் ஆராய்ச்சி செய்பவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை கூடும் இடம். முதல் கூட்டம் 2015 பிப்ரவரியில் கான்பூர் ஐஐடியில். இரண்டாவது 2016 பிப்ரவரி 18 முதல் 20 வரை திருவனந்தபுரத்தில். கட்டுரை அனுப்பினால் மற்ற நிபுணர்கள் படித்துச் சரிபார்ப்பார்கள். தேறினால்தான் மேடை. மேடையிலும் யார் வேண்டுமானாலும் எழுந்து "இந்தப் படி எப்படி வந்தது?" என்று கேட்கலாம்.

முதல் நாள் ராத்திரி கஞ்சி குடித்துக்கொண்டே அவனைக் கேட்டேன்: "பேங்க்காரனுக்குப் புரியற மாதிரி ஒண்ணு சொல்லு பாப்போம்."

"மாமா, நம்ம சுத்துவட்டாரத்துல 30 ஊர் இருக்குன்னு வையுங்க. எல்லா ஊர்லயும் பிராஞ்ச் திறக்க முடியாது. ஆனா ஒவ்வொரு ஊருக்கும் அந்த ஊர்லயோ, தொட்டடுத்த ஊர்லயோ ஒரு பிராஞ்ச் இருக்கணும். குறைஞ்சபட்சம் எத்தனை பிராஞ்ச் வேணும்?"

ஒவ்வொரு ஊருக்கும் 'வை', 'வேண்டாம்' என்று இரண்டு வழி. 30 ஊருக்கு எல்லா வழியையும் எழுதிப் பார்த்தால் 107 கோடிக்கு மேல். 60 ஊர் என்றால் அந்த 107 கோடியை இன்னொரு 107 கோடியால் பெருக்க வேண்டும். சாலைகள் மரக்கிளை மாதிரி பிரிந்து மட்டும் போனால் சீக்கிரம் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டாம். குறுக்கும் நெடுக்குமாகச் சாலை இருந்தால், எந்த வரைபடத்துக்கும் பொருந்துகிற வேகமான வழி இதுவரை கிடைக்கவில்லை. அப்படி ஒரு வழி இருக்கவே முடியாது என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. இந்த மாதிரி முடிச்சுகளை எந்தெந்த வரைபடத்தில் அவிழ்க்கலாம் என்று பார்ப்பதுதான் இவர்கள் பிழைப்பில் ஒரு பகுதி. (பிராஞ்ச் எங்கே வைப்பது என்று என்னைக் கேட்டிருந்தால், வாடகை குறைந்த கட்டிடம் எங்கே இருக்கிறதோ அங்கே என்றிருப்பேன்.)

அதோடு விட்டிருக்கலாம். அவன் சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்குத் தைத்தது. "அங்க விடை சரியா இருந்தா மட்டும் போதாது மாமா. ஏன் சரின்னு சொல்லணும்."

ஏன் தைத்தது என்று சொல்ல 2003க்குப் போக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எல்லைப் பக்கம் ஒரு சின்ன பிராஞ்ச். கடற்கரையிலிருந்து மீன் விற்கும் ஒரு அம்மா வருவார். மாதம் பிறந்து 3ஆம் தேதி பணத்தைக் கொண்டு வந்து போடுவார், 28ஆம் தேதி எடுத்துவிடுவார். நடுவில் கணக்கில் 10,000 இருக்கும், எடுத்தபின் 1,000. ஒரு நாள் பாஸ்புக்கை நீட்டி, "மக்களே, மாசம் முழுக்கப் பணம் இங்கதானே கிடக்கு, வட்டி ஏன் இம்புட்டுதான்?" என்று கேட்டார்.

அன்றைய விதி அப்படி. சேமிப்புக் கணக்கில் 10ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை எந்த நாள் இருப்பு மிகக் குறைவோ, அதற்குத்தான் அந்த மாத வட்டி. அவருக்கு அது 1,000 ரூபாய். வருஷத்துக்கு 3.5 சதவீதம் என்றால் மாதம் 3 ரூபாய்கூட வராது. தினசரி இருப்பை வைத்துப் போட்டால்? 10,000 ரூபாய் 25 நாள், 1,000 ரூபாய் 5 நாள். பெருக்கிக் கூட்டி 365ஆல் வகுத்துப் பாருங்கள், 24 ரூபாய்க்கு மேல் வரும்.

நான் சொன்ன பதில்: "கம்ப்யூட்டர் போட்டதும்மா, தப்பா இருக்காது."

"கம்ப்யூட்டரே போட்டிருக்கட்டும் மக்களே. எதுக்கு அப்படிப் போட்டுது?"

எனக்குத் தெரியவில்லை. அடுத்த டோக்கன் நம்பரைக் கூப்பிட்டேன்.

இப்போது கொஞ்சம் பின்னால், ரொம்பவே பின்னால் போவோம். அல்காரிதம் என்ற சொல் ஒரு மனிதரின் பெயரிலிருந்து வந்தது. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல் குவாரிஸ்மி. இந்திய எண்களை வைத்துக் கணக்குப் போடும் முறையை அவர் எழுதிய காலம் சுமார் 825 என்பார்கள். நம் பக்கத்துக்காரர்களுக்கு அந்த வருஷம் தெரியும், கொல்லம் ஆண்டு தொடங்குவதும் 825இல்தான். அவர் நூல் லத்தீனுக்குப் போனபோது பெயர் 'அல்கோரித்மி' ஆகி, கடைசியில் கணக்குச் செய்முறைக்கே பெயராகிவிட்டது.

பெயர் அங்கிருந்து வந்தாலும் சங்கதி இங்கே அதற்கு முன்பே இருந்தது. கி.பி. 683இல் பாரதப்புழைக் கரையில் திருநாவாயாவில் மாமாங்கத்துக்குக் கூடிய கூட்டத்தில், ஹரிதத்தர் 'பரஹிதம்' என்ற கணக்கு முறையை வெளியிட்டதாகக் கேரளக் கணித மரபு சொல்கிறது. பரஹிதம் என்றால் எல்லோருக்கும் நன்மையானது. ஆரியபடரின் கணக்கைச் சாதாரணப் பஞ்சாங்கக்காரரும் போடும்படி அட்டவணைகளாகச் சுருக்கிய முறை. ஆராய்ச்சியை நடைமுறைக்குக் கொண்டுவர ஒரு கூட்டம்! என் மருமகன் ரயில் பிடித்துப் போனதும் அதே மாதிரிக் காரியத்துக்குத்தானே.

ஆனால் சுருக்குவழிக்கு ஒரு வியாதி உண்டு. நாளாக நாளாக வானத்துக்கும் அட்டவணைக்கும் இடைவெளி விழும். பரமேஸ்வரன் என்பவர் பல பத்தாண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துக் குறித்துவைத்து, 1431இல் 'த்ருக்கணிதம்' என்று திருத்திய முறையைக் கொடுத்தார். த்ருக் என்றால் பார்வை. சனிப்பெயர்ச்சிக்கு வாக்கியமா திருக்கணிதமா என்று நம் வீடுகளில் இன்றும் சண்டை நடக்கிறதே, அந்தச் சொல்தான். (இன்று தமிழ்நாட்டில் அச்சாகும் திருக்கணிதப் பஞ்சாங்கம் நவீன வானியல் அட்டவணைகளை வைத்துப் போடுவது. ஆனால் பார்த்துத் திருத்து என்ற எண்ணம் ஒன்றே.) சுமார் 1530இல் ஜ்யேஷ்டதேவர் இன்னும் ஒரு படி போனார். 'யுக்திபாஷா' என்ற நூலை மலையாளத்தில் எழுதினார். விதியைச் சொல்லிவிட்டுப் போகாமல், அது ஏன் சரி என்ற யுக்தியையும் ஊர்ப் பேச்சில் விளக்கினார்.

தமிழ்ப் பக்கம் என்ன ஆயிற்று? இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 1825இல் ஜான் வாரன் என்பவர் 'கால சங்கலிதம்' என்று ஒரு பெரிய நூல் வெளியிட்டார். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை வைத்து, காகிதத்தில் ஒரு எண் கூட எழுதாமல், சந்திர கிரகணம் கணித்ததை அதில் பதிவு செய்திருக்கிறார். அட்டவணைகள் எல்லாம் அவர் நினைவில் இருந்தன, எண்களாக அல்ல, சொற்களாக. 'தேவரம்' என்பது ஒரு சொல். தே, வ, ர எழுத்துகளுக்கு 8, 4, 2. வலமிருந்து படித்தால் 248. சந்திரன் பூமிக்கு நெருங்கி விலகி மறுபடி நெருங்கும் சுற்று சுமார் 27.55 நாள். அப்படி 9 சுற்று சேர்ந்தால் ஏறக்குறைய சரியாக 248 நாள். அதனால் 248 நாளுக்கு 248 வாக்கியம் மனப்பாடம் செய்தால் போதும், சந்திரனின் போக்கு கையில். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

1825 மே 31, ஜூன் 1 இரவு நடந்த கிரகணத்துக்கு அவர் போட்ட கணக்கில் தொடக்கத்துக்கு 4 நிமிஷம், நடுவுக்கு 23 நிமிஷம், முடிவுக்கு 52 நிமிஷம் பிழை. வெறும் சோழியையும் நினைவையும் வைத்து! பின்னாளில், 1952இல், ஓட்டோ நாய்கேபவுர் என்ற பெரிய அறிஞர் இதை எடுத்து ஆராய்ந்தார். பழைய பாபிலோன் வரைக்கும் தொடர்பு கண்டார்.

இதைப் படித்தபோது முதலில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அடுத்ததாக வாரன் எழுதியிருந்த செய்தி கொஞ்சம் அடக்கிவிட்டது. அந்தப் பெரியவருக்கு இந்தக் கணக்கின் பின்னால் இருக்கும் வானியல் தத்துவம் எதுவும் தெரியாதாம். படிகள் தெரியும், படிகளுக்கான காரணம் தெரியாது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் எத்தனை தலைமுறை தாண்டி அந்தச் சோழிகளைக் கொண்டு வந்தார்! ஆனால் 52 நிமிஷம் ஏன் தப்பியது என்று யாராவது கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? "வாக்கியம் அப்படித்தான் சொல்லுது" என்றுதானே? அது என் கவுண்டரில் நான் சொன்ன பதில்.

பாஸ்புக் விஷயத்தைப் பிறகு தோண்டிப் பார்த்தேன். பேரேட்டைக் கையால் எழுதிய காலத்தில் ஆயிரக்கணக்கான சின்னக் கணக்குகளுக்கு நாள்தோறும் இருப்பைப் பெருக்கிக்கொண்டிருக்க முடியாது. மாதத்துக்கு ஒரு எண்ணை எடுத்தால் வேலை முடிந்தது. அதுவும் ஒரு சுருக்குவழி, அந்தக் காலத்துக்கு நியாயமானதுதான். வேடிக்கை என்னவென்றால், அதே பேரேட்டுக் காலத்திலும் ஓவர்டிராஃப்ட் கணக்குகளுக்குத் தினசரி இருப்பின்படிதான் வட்டி போட்டார்கள். வாங்குகிற வட்டிக்குத் தினக்கணக்கு, கொடுக்கிற வட்டிக்கு மாதக்கணக்கு. செய்முறை எல்லோருக்கும் தெரியும், போட வேண்டிய இடத்தில் போடவில்லை. கம்ப்யூட்டர் வந்து, கஷ்டம் என்ற காரணம் போன பின்னும் விதி அப்படியே நின்றது. வாக்கியத்தை மெஷினுக்கு மனப்பாடம் செய்துவைத்தோம், அவ்வளவுதான்.

2010 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி சேமிப்புக் கணக்குக்கும் தினசரி இருப்பின்படி வட்டி வந்தது. அதற்கு முந்தைய 7 வருஷம், அதாவது 84 மாதம், அந்த அம்மா அதே மாதிரி போட்டு எடுத்திருந்தால் இடையில் விட்டது சுமார் 1,800 ரூபாய். ஒரு பேங்குக்கு இது பேனா மை செலவு. மீன் கூடையைத் தலையில் சுமப்பவருக்கு?

கடைசி நாள் ஸ்டேஷனிலிருந்து திரும்பும்போது மருமகனிடம் இதைச் சொன்னேன். "அந்த அம்மா கேட்டதுதான் மாமா அங்கயும் கேக்காங்க" என்றான், அலட்டிக்கொள்ளாமல்.

அந்த மாநாடு அதன்பிறகு ஊர் ஊராகப் போனது. 2022இல் அதன் ஊர் புதுச்சேரி. சோழி வைத்துக் கணித்த பெரியவரின் ஊர்! 2025 பிப்ரவரியில் கோயம்புத்தூர். உங்கள் பிள்ளைகளில் யாராவது இந்தத் துறையில் படித்தால், லீவில் ஊருக்குப் போகும்போது தேதி பார்த்து அனுப்பிவையுங்கள்.

நான் இப்போதும் கவுண்டருக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறேன், மஸ்கட்டில். கடன் கேட்டு வருகிறவர்களுக்குத் திரையில் ஒரு மதிப்பெண் வருகிறது. எதிரில் நிற்பவர் பெரும்பாலும் நம் ஊர்ப் பக்கத்து ஆள், தங்கச்சி கல்யாணம் அல்லது வீட்டுக் கடன். மதிப்பெண் குறைந்தால், "சிஸ்டம் ஒத்துக்கலை" என்று சொல்ல நாக்கு நுனி வரை வரும். விழுங்கிவிட்டு, உட்காரச் சொல்லி, எது குறைந்தது என்று தேடிப் பார்த்துச் சொல்கிறேன். சில நாள் எனக்கே கண்டுபிடிக்க முடிவதில்லை. அப்போது மேலே எழுதிக் கேட்கிறேன். எரிச்சல்படுகிறார்கள். படட்டும்.

அந்த அம்மாவை 2016 லீவில் விசாரித்தேன். காலமாகிவிட்டார் என்றார்கள். பதில் சொல்ல 13 வருஷம் எடுத்துக்கொண்டது என் தப்பு.