பழங்கால வாள் வாங்கப் போறீங்களா? அசலா, போலியா... கண்டுபிடிப்பது எப்படி?

2023 மே மாதம் லண்டனில் நடந்த ஏலத்தில் திப்பு சுல்தானின் வாள் ஒன்று சுமார் 1.4 கோடி பவுண்டுக்கு விலைபோனது. இந்திய மதிப்பில் 140 கோடி ரூபாய்க்கும் மேல்! 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் பிரிட்டிஷ் தளபதி டேவிட் பெய்ர்டுக்கு வழங்கப்பட்ட வாள் அது. அந்த வரலாறு பதிவில் இருந்தது.

ஆனா, "ராஜா காலத்து வாள் சார்" என்று சந்தையில் நீட்டப்படும் வாள்களுக்குப் பெரும்பாலும் வாய்வார்த்தை மட்டும்தான் சாட்சி. அதனால கதையை ஓரமா வெச்சுட்டு, வாளைப் பாருங்க. என்னென்ன கவனிக்கணும்?

துரு சொல்லும் சேதி

பழைய துரு கரும்பழுப்பாக, இறுகிப் படிந்திருக்கும். ஆரஞ்சு நிறத்தில் விரலில் ஒட்டும் துரு புதுசு. ஈரத்தில் கிடந்த அசல் வாளிலும் இது வரலாம் என்பதால், இதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. பிடி, அலகு, இடுக்கு என எல்லா இடத்திலும் ஒரே அளவு அரிப்பு இருந்தால் உஷார். அமிலம் ஊற்றிப் பழசாக்கியிருக்கலாம். நிஜமாகப் புழங்கிய வாளில் கை படும் இடம் தேய்ந்து வழவழப்பாக இருக்கும்.

கையில் எடுத்துப் பாருங்க

போருக்குச் செய்த வாளின் அலகு, பிடியருகே தடிமனாகத் தொடங்கி நுனி நோக்கி மெலிந்துகொண்டே போகும். வீசினால் கைக்கு அடங்கும். அலங்காரத்துக்குச் செய்தது பல நேரம் ஒரே தடிமனில், கனமான இரும்புப் பட்டை மாதிரி இருக்கும்.

நீரோட்டக் கோடுகள்

தென்னிந்தியாவின் புகழ்பெற்ற உருக்கு எஃகில் தண்ணீர் அலை போன்ற கோடுகள் தெரியும். அது உலோகத்துக்குள்ளேயே இருப்பது, ஒழுங்கில்லாமல் ஓடும். அச்சு வைத்தது போல ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகப்படுங்க.

பிடியில் என்ன பார்க்கணும்?

வளைந்த 'தல்வார்' வாள்களில் அலகின் அடிப்பகுதியைப் பிடிக்குள் செருகி அரக்கு போன்ற பிசினால் இறுக்குவது பழைய முறை. நவீன பசை, புது வெல்டிங், திருகாணி தெரிந்தால் கேள்வி கேளுங்க.

அதேசமயம், பிடியும் அலகும் பொருந்தவில்லை என்பதாலேயே போலி ஆகிவிடாது. 2025-ல் மகாராஷ்டிர அரசு லண்டன் ஏலத்தில் வாங்கிய ரகுஜி போன்ஸ்லே வாளின் அலகு ஐரோப்பியத் தயாரிப்பு. அந்தக் காலத்தில் அது சகஜம். புது அலகில் பழைய பிடியைப் பொருத்தி 'முழுசும் பழசு' என்று விற்பதுதான் மோசடி.

எழுத்தை நம்பலாமா?

'அசதுல்லா' என்ற பாரசீகக் கொல்லரின் பெயர் வெவ்வேறு காலத்து வாள்களில் ஏராளமாகக் காணப்படுகிறது. பேர் வாங்கிய முத்திரை என்பதால் பலரும் போட்டுக்கொண்டார்கள். எனவே பெயர் மட்டும் ஆதாரம் ஆகாது. 'இந்தியா' என்று ஆங்கிலத்தில் முத்திரை இருந்தால், ஏற்றுமதிக்கோ சுற்றுலாப் பயணிகளுக்கோ செய்த வாளாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதைச் செய்யாதீங்க

வாங்கியதும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், வயதைக் காட்டும் அடையாளமே போய்விடும். மதிப்பும் சரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நூறு ஆண்டு கடந்த வாள், 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தின் கீழ் தொல்பொருள். அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. தொல்பொருள் வியாபாரம் செய்பவருக்கு உரிமம் கட்டாயம். அதைக் காட்டச் சொல்லுங்க, ரசீதும் கேளுங்க. வாள் என்பதால் ஆயுதச் சட்டமும் வரும். உங்க பகுதியில் உரிமம் தேவையா என்பதைக் காவல் நிலையத்தில் முதலில் விசாரித்துவிடுங்க.

பணம் கொடுக்கும் முன் அசல் வாள்களைப் பார்த்துக் கண்ணைப் பழக்குவது நல்லது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதங்களும், ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் பழைய வாள்களும் இருக்கு. நாலு அசலைப் பார்த்த கண்ணுக்குப் போலி தானாகவே உறுத்தும்.