தீவகத்தின் வனப்பு யாருடைய பொறுப்பு?

மாரி மழை ஓய்ந்த தை மாதத்தில் யாழ்ப்பாணத் தீவகத்தின் புங்குடுதீவுக்கு வருபவர்கள், இந்த அழகு மனிதக் கை படாதது என்றே நினைப்பார்கள். தரவையில் புல் பச்சை பிடித்திருக்கும். அதற்கப்பால் பனங்கூடல், அதையும் தாண்டினால், முழங்காலளவு நீரில் கொக்கும் நாரையும் இரை தேடும் கடல். இந்த வனப்பை அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்ல வேண்டும் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். எப்படி என்பதில்தான் கருத்து வேறுபடுகிறது. வேலியடைத்து ஆட்களை வெளியே நிறுத்திவிட்டால் இயற்கை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் படித்தவர்களிடம் வலுவாக உண்டு. தீவகத்தின் வரலாறு அந்த எண்ணத்துக்கு இடம் தரவில்லை. இங்குள்ள வனப்பு ஊரோடு சேர்ந்து உருவானது; ஊரை விலக்கி அதைக் காக்க முடியாது.

பழைய சான்றுகளைப் பார்த்தால் இது விளங்கும். நயினாதீவில் கிடைத்த, 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்துபோன பிறநாட்டு வணிகரைப் பற்றிப் பேசுகிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் அரசுக்குக் கால் பங்கு, மற்ற வணிகக் கலமானால் பாதி என்று விதி வகுக்கிறது. அவ்வளவு நடமாட்டம் உள்ள கடல் இது. புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் என்று பெயரிட்ட ஒல்லாந்தர் காலத்தில், மணற்பாங்கான வெளிகளில் தானாக முளைத்த சாயவேருக்கும் கணக்கு இருந்தது. துணிக்குச் சிவப்பேற்றும் அந்த வேரைத் தோண்டுவது அரசின் ஏகபோகம். பனைமரமோ சோழமண்டலக் கரைக்கு ஏற்றுமதியானது. நெடுந்தீவில் காட்டுக் குதிரைகள் என்று நாம் வியந்து பார்ப்பவைகூட, போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்து பெருக்கியவற்றின் வழித்தோன்றல்களே.

மனிதர் எடுத்தார்கள் என்பது பாதி வரலாறு. பேணினார்கள் என்பது மற்றப் பாதி. சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கும் புங்குடுதீவில் ஆறில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை கல்லிடுக்குகளில் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மெல்லிய வில்லைபோல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் தாங்கும் என்பது நிலத்தடி நீரியலின் கணக்கு. மேலே ஓர் அடி இறங்கினால் கீழே உவர் பல அடி ஏறிவிடும். இந்தக் கணக்கைப் படிக்காமலே முன்னோர் மழைநீரைத் தேக்கிக் குளமும் கேணியும் துரவும் வெட்டினார்கள். கேணிக்கரையில் மாடு குடிக்கத் தொட்டி கட்டினார்கள். அதனருகே, மாடு உடம்பை உரசித் தினவு தீர்க்க ஆவுரோஞ்சிக் கல் நட்டார்கள். கரையொதுங்கிய சாதாளை என்னும் கடற்தாவரத்தை அள்ளித் தோட்டத்துக்குப் பசளையாக்கினார்கள். தேங்கிய நீர் மாட்டுக்கு மட்டுமா பயன்பட்டது? பறவையும் பனையும் அதில்தான் பிழைத்தன.

ஆட்களை விலக்கினால் என்ன நடக்கும் என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. 1991இல் போர் தீவகத்தைச் சூழ்ந்தபோது புங்குடுதீவு மக்களில் பெரும்பாலானோர் இடம்பெயர்ந்தார்கள். பலர் கொழும்புக்கும் கனடாவுக்கும் பிரான்சுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் போய்ச் சேர்ந்தார்கள். ஆளற்ற காணிகளைப் பற்றை மூடியது. அதைக் காடு திரும்பிவிட்டது என்று சிலர் மகிழக்கூடும். ஆனால் தூர்ந்த கேணியில் நீர் நிற்காது. நீர் நில்லாத நிலத்தை உவர் பிடிக்கும். உவர் நிலத்தில் பற்றையும் நிலைக்காது. நெடுந்தீவில் வறட்சி வரும்போது குதிரைகள் தண்ணீரில்லாமல் சாவதும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. 2015இல் அங்கே 1,846 ஹெக்டேயர் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பால் மட்டும் தண்ணீர் வந்துவிடாது.

மனிதரை நம்பினால் அழிவுதான் வரும் என்று ஒரு மறுப்பு உண்டு. அதில் உண்மை இருக்கிறது. கடலடியைச் சுரண்டிச் செல்லும் இழுவைமடி, ஆவுளியா என்னும் கடற்பசு மேயும் கடற்புல் தரையைக் குலைக்கிறது. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. ஆனால் அந்தத் தொழிலால் முதலில் நட்டப்படுகிறவர்கள், களங்கட்டி என்னும் மீன்பொறியை நாட்டி மீன் வரும்வரை காத்திருக்கும் கரையோரத் தொழிலாளரே. அவர்களைக் காவலராக்குவதா, குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதா? 1872இல் அமெரிக்காவின் யெலோஸ்ரோன் பூங்கா உருவானபின் அங்கு வாழ்ந்த பூர்வகுடிகள் அப்புறப்படுத்தப்பட்டார்கள். அந்த அநீதியை நாம் இரவல் வாங்கத் தேவையில்லை. வயிற்றுப்பாடு முக்கியம், கடலட்டைப் பண்ணை வருமானம் தருகிறதே என்பது இன்னொரு மறுப்பு. வருமானம் வேண்டும்தான். ஆயினும் எல்லோருக்கும் பொதுவான, ஆழமற்ற களக்கடலைக் கம்பும் வலையும் நட்டுச் சிலருக்குப் பிரித்துக்கொடுப்பதென்றால், எவ்வளவு, எந்த இடத்தில் என்பதை அந்தக் கரையின் மக்கள் முடிவுசெய்ய வேண்டும். கடற்புல் அழிந்தால் கடலட்டைக்கும் வாழ்வில்லை.

ஆகவே பாதுகாப்பு என்பது இங்கே ஊர்வேலை. வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சட்டம் இருக்கிறது. எந்தக் கேணி எப்போது வற்றும், எந்தத் தரவையில் எந்தப் பறவை இறங்கும் என்ற அறிவு ஊரிடம் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக மேசையில் அமர வேண்டும். புலம்பெயர்ந்த புங்குடுதீவாருக்கும் ஒரு வேண்டுகோள். கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நீங்கள் தாராளமாகக் கொடுத்துவருகிறீர்கள். உங்கள் பெயரில் பூட்டிக்கிடக்கும் காணியில் பனங்கூடலைத் தறிக்க விடாதீர்கள். மதில் கட்டுமுன் மழைநீர் ஓடும் வழியைப் பாருங்கள். அடுத்த கொடையை உங்கள் வட்டாரத்துக் கேணியைத் தூர்வாரக் கொடுங்கள்.