மறைந்தவர் மொழி பேசிய கிளி

வீட்டில் வளரும் கிளி வெறும் ஒலிகளை மட்டும் கற்பதில்லை. தன்னோடு வாழ்வோரையே கற்கிறது. நாய் குரைப்பதையும், பூனை கத்துவதையும், தாய் தன் பிள்ளையை அழைப்பதையும் தன் குரலில் அப்படியே ஏற்றுக்கொள்கிறது. அந்த நாய் இறந்து புதைக்கப்பட்ட பின்னும், ஒரு மாலை வேளையில் கூண்டிலிருந்து அதே குரைப்பு எழுந்து வீட்டாரைத் திடுக்கிடச் செய்வதுண்டு. சில கிளிகள் நாயின் பெயரைச் சொல்லியே கூப்பிடும். வேறு சில, உணவைக் குறைத்து ஒடுங்கி அமரும். தம் இறகைத் தாமே பிடுங்கிக்கொள்வனவும் உண்டு. உடன் வாழ்ந்த உயிர் இல்லாமற்போவதைக் கிளி எவ்வாறு உணர்கிறது? இக்கேள்வி பழையது, வரலாறு இதற்குச் சில சான்றுகளை வைத்திருக்கிறது.

இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் ரிச்மண்டு கோமகள் பிரான்சிஸ் ஸ்டூவர்ட்டின் மெழுகுருவத்தோடு, பதப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒன்றும் காக்கப்பட்டு வருகிறது. அது ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவருடன் வாழ்ந்தது என்பர். 1702-இல் அவர் இறந்த சில நாள்களிலேயே அதுவும் இறந்தது என்பது வழிவழி வந்த செய்தி. சார்லஸ் டார்வின் 1871-இல் வெளியிட்ட 'மனிதனின் தோற்றம்' என்னும் நூலில் வேறொரு செய்தியைத் தருகிறார். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் பக்ஸ்டன் என்பவர் பல நாட்டுக் கிளிகளைத் திறந்த வெளியில் வளர்த்து வந்தார். அவற்றுள் ஒன்று கடுங்குளிரால் முடமாகிவிட, முற்றிலும் வேறு இனத்தைச் சார்ந்த மற்றொரு கிளி அதன் இறகுகளைத் தூய்மை செய்து, பிற கிளிகள் தாக்காதவாறு காத்ததாம். இனம் வேறாயினும் உறவு உறவே என்பதைக் கிளி அறிந்திருக்கிறது.

இதற்குக் காரணம் அதன் இயல்பிலேயே அமைந்துள்ளது. கிளி கூட்டமாக வாழப் பிறந்த பறவை. அடர்ந்த காட்டில் ஒன்றையொன்று காண இயலாதபோது, அவை குரல் கொடுத்து, மறுகுரல் கேட்டு ஆறுதல் அடைகின்றன. வெனிசுவேலா நாட்டில், சிட்டுக்குருவி அளவே உள்ள சிறுகிளி ஒன்றைப் பற்றி 2011-இல் வெளிவந்த ஆய்வு, பெற்றோர் தம் குஞ்சு ஒவ்வொன்றிற்கும் தனித்தனி அழைப்பொலியைக் கற்பிக்கின்றன என்று காட்டியது. நம் வழக்கில் சொன்னால், பெயர் சூட்டுகின்றன! கூண்டுக் கிளிக்கு வீடே கூட்டம். நாயைக் காணோம் என்றால், நாயின் குரலிலேயே அது நாயைத் தேடுகிறது போலும். மறுகுரல் வராத தனிமை அதன் உடலையும் தேய்க்கிறது. வியன்னாவைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2014-இல், தனியே வளர்க்கப்பட்ட சாம்பல் கிளிகளின் உயிரணுக்களில், முதுமையில் தேயும் குரோமோசோம் நுனிகள், இணையோடு வாழ்ந்தவற்றினதைவிடக் குறுகியிருக்கக் கண்டனர்.

இந்த அறிவோடு அதே வெனிசுவேலா மண்ணில் நிகழ்ந்த பழைய வரலாறு ஒன்றை நோக்குவோம். 1800-ஆம் ஆண்டு, செருமானிய அறிஞர் அலெக்சாந்தர் ஹம்போல்ட் ஒரினோக்கோ ஆற்றின் பேரருவிகளை அடைந்தார். அங்கு மைப்பூரெஸ் என்னும் மறைப்பணித் தளம் இருந்தது. அவ்வூரில் முதிய கிளி ஒன்று வாழ்வதாகவும், அதன் பேச்சு எவருக்கும் விளங்கவில்லை என்றும் அவருக்குச் சொல்லப்பட்டது. ஏனெனில், அது பேசியது அத்தூரெஸ் மக்களின் மொழி. கரீபு மக்களின் நெருக்குதலால் அருவிப் பாறைகளிடையே தஞ்சம் புகுந்து, அம்மக்கள் அங்கேயே அழிந்துபோயினர் என்பது அவ்வூர் மரபு. அருகிலிருந்த அத்தாருயிப்பே குகையில் ஏறக்குறைய 600 எலும்புக்கூடுகள் பனையோலைக் கூடைகளில் வைக்கப்பட்டிருந்ததை ஹம்போல்ட் நேரில் கண்டார். பேசியவர் குகையில், பேச்சு கிளியின் நாவில்!

அவ்வாற்றங்கரையில் முதலில் பணியாற்றியவர்கள் இயேசு சபையினர். 1767-இல் ஸ்பெயின் மன்னர் மூன்றாம் சார்லஸ் தம் ஆட்சிப் பகுதிகள் அனைத்திலிருந்தும் அச்சபையை வெளியேற்றினார். வெளியேற்றப்பட்டவர்களுள் ஒருவர் இத்தாலியரான பிலிப்போ சல்வத்தோரே ஜிலி அடிகளார். பதினெட்டு ஆண்டுகள் ஒரினோக்கோ மக்களிடையே வாழ்ந்த அவர், தம் மக்களை மீண்டும் காணவே முடியாத நிலையில், 1780 முதல் 1784 வரை உரோமையில் நான்கு தொகுதிகளாக அவர்களது வரலாற்றை வெளியிட்டார். மைப்பூரெ மொழியின் சொற்களையும் அமைப்பையும் அதில் பதித்தார். அம்மொழிகளை உறவு முறைப்படி குடும்பங்களாகவும் வகைப்படுத்தினார். பின்னாளில் மைப்பூரெ மொழியும் அழிந்தது. இன்று அம்மொழியைப் பற்றி உலகம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி இவர் எழுத்தால் வந்ததே.

உண்மையை மறைக்கலாகாது. பல இனத்தாரையும் ஒரே ஊரில் திரட்டிய அந்த மறைப்பணித் தளங்களிலேயே நோய்கள் எளிதில் பரவின. சிறு மொழிகள் பெரிய மொழிகளுள் கரைந்தன. மொழியைக் காத்த கரமும், அதன் தேய்வுக்குத் துணைநின்ற கரமும் ஒரே திருச்சபையின் கரங்களே.

புனித தோமா அக்குவினா தம் 'இறையியல் தொகுப்பு' நூலின் முதற்பகுதி, 78-ஆம் வினாவில் நுண்ணிய வேறுபாடொன்றைக் காட்டுகிறார். விலங்குகளுக்கும் நினைவாற்றல் உண்டு; ஆனால், மறந்ததைத் தேடி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சென்று மீட்டெடுக்கும் நினைவுகூர்தல் மனிதருக்கே உரியது என்கிறார். மைப்பூரெஸ் கிளியிடம் இருந்தது நினைவு. அது ஒலியைக் காத்தது, பொருளை அறியாது. அதன் குரலுக்கு மறுகுரல் கொடுக்கவும் எவரும் இல்லை. ஜிலி அடிகளாரிடம் இருந்தது நினைவுகூர்தல். கடலுக்கு அப்பால், நாடு கடத்தப்பட்ட நிலையில் அமர்ந்து, சொல் சொல்லாகத் தேடி எடுத்து, பொருளோடு நம்மிடம் சேர்த்தார். எனினும் கிளியை நாம் குறைவாக எண்ண வேண்டியதில்லை. அதன் இயல்புக்கு இயன்ற அளவில் அது உண்மையாய் இருந்தது. அதைவிட மேலான ஆற்றலைப் பெற்றுள்ள நாம் அந்த அளவுக்கு உண்மையாய் இருக்கிறோமா என்பதே கேள்வி.

கூட்டத்தில் ஒன்று குறைந்தால் கிளி அறிகிறது, குரல் கொடுக்கிறது. நூறு ஆடுகளில் ஒன்று குறைந்ததை அறிந்த ஆயனைப் பற்றி ஆண்டவர் சொன்னார். அவர் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைப்பவர் என்றும் கேட்கிறோம். நம் பங்குகளிலோ, ஞாயிறுதோறும் வந்த முதியவர் மூன்று வாரம் வராவிடினும், அவர் அமரும் இடம் வெறுமையாய் இருப்பதை அருகிலிருப்பவரே கவனிப்பதில்லை. கல்லறைத் திருநாளில் மலர் வைக்கிறோம், மெழுகுதிரி ஏற்றுகிறோம். பாட்டனாரின் தந்தை பெயரைக் கேட்டால் விழிக்கிறோம். இறந்தோர் பெயரைத் திருப்பலியில் சொல்லி மன்றாடுவது வெறும் வழக்கமன்று; புனிதர்களின் உறவை நம்புவோர் கொடுக்கும் அழைப்புக் குரல் அது. காட்டுக் கிளி மறுகுரலுக்காகக் காத்திருக்கிறது. ஒரினோக்கோ கிளிக்கு அது கிடைக்கவில்லை. நமக்கோ, உயிர்த்தெழுந்தவர் அக்குரலுக்கு விடையாக நிற்கிறார். ஆகவே, அழைப்பதை நாம் நிறுத்தலாகாது: இறந்தவரைச் செபத்தில், இருப்பவரை, அவர் வாசலில் சென்று நின்று.