பேரேட்டில் இல்லாத மருந்து

எங்கள் ஐயன் முதல் கோழிக் கொட்டகையைப் போட்டது 1976இல், மோகனூர் பக்கம் ஒரு மானாவாரிக் காட்டில். 500 குஞ்சு. ஓலைக் கூரை, தரையில் கடலைத்தோல். அன்று தொடங்கி அவர் கைப்பட எழுதிய கணக்கு நோட்டுகள் 17 என் பீரோவில் இருக்கின்றன. தீவனம் எத்தனை மூட்டை, முட்டை எத்தனை, உடைசல் எத்தனை, செத்தது எத்தனை, எருவுக்கு வண்டி கட்டி வந்தவர் யார், எல்லாம் அன்றன்றைக்கு எழுதியிருப்பார். மருந்துக்கு மட்டும் தனியாக இடம் இல்லை. ‘இதர செலவு’ என்பதன் கீழே, விளக்குமாறுக்கும் பல்புக்கும் நடுவில், ‘மருந்து ரூ.38’ என்று கிடக்கும். என்ன மருந்து, எந்த நோய்க்கு, எத்தனை நாள் என்று ஒரு சொல் கிடையாது.

எங்கள் ஊர் முட்டையைப் பற்றி எழுதுகிறவர்கள் எண்ணிக்கையைத்தான் எழுதுகிறார்கள். நான் அந்த ஒரு வரியைப் பற்றி எழுதுகிறேன்.

அப்போது நாமக்கல், சேலம் மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1இல். மழை பொய்த்தால் சோளத்தட்டுகூட மிஞ்சாத காடுகள். துணிந்தவன் லாரிக்குப் போனான், மற்றவன் கோழிக்கு வந்தான் என்பார் ஐயன். 1982இல் பி.வி. ராவ் முன்னின்று தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உருவானது. வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்டிய காலம் போய், விலை சொல்லும் உரிமை பண்ணைக்காரர் கைக்கு வந்தது. 1985இல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி. 1989இல் சத்துணவில் முட்டை. தரையில் திரிந்த கோழி கூண்டேறியது. 500 இருந்த இடத்தில் 5,000 நின்றது.

அத்தனை உயிர் ஒரே கூரையின் கீழ் நின்றால் நோய்க்குக் கொண்டாட்டம். வெள்ளைக்கழிச்சல் என்று நாங்கள் சொல்லும் ராணிக்கேட் வந்தால் ஒரு வாரத்தில் கொட்டகை காலி. அது வைரஸ் நோய், தடுப்பூசி ஒன்றுதான் வழி. அது எங்களுக்கு அன்று தெரியாது. எந்த நோய் வந்தாலும் எங்களிடம் இருந்தது ‘மஞ்ச மருந்து’. டெட்ராசைக்ளின் வகைப் பொடி.

“ரெண்டு பாக்கெட் கலக்கி உட்டுருங்க, சரியாப் போயிரும்” என்பார் தீவனக் கடைக்காரர். நாலு கோழி கண்ணை மூடிக்கொண்டு நின்றால் போதும், கொட்டகையில் இருக்கும் அத்தனை கோழிக்கும் தண்ணீரில் மருந்து. “கண்ணு, விடியறதுக்குள்ள தொட்டியில கலக்கிரு” என்று ஐயன் எழுப்பி விடுவார். எனக்கு 13 வயது. பள்ளிக்கூடத்தில் என் நகக்கண் மஞ்சளாக இருப்பதைப் பார்த்து, வீட்டில் விசேஷமா என்று வாத்தியார் கேட்டிருக்கிறார்.

அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு முப்பது வருஷம் ஆனது. அதுவும் மண்ணிலிருந்துதான் வந்திருக்கிறது. கோடையில் முதல் மழை விழுந்ததும் எங்கள் செம்மண் காட்டில் ஒரு வாசம் எழும்புமே, அதைக் கிளப்பும் நுண்ணுயிர்க் கூட்டத்துக்கு ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்று பெயர். 1945இல் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழக வயலில் அள்ளிய ஒரு பிடி மண்ணில் இருந்த அந்த இனத்து உயிர் ஒன்றிலிருந்து, பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியலாளர் ஆரியோமைசினைப் பிரித்தார். 1948இல் அதை உலகத்துக்கு அறிவித்தார். டெட்ராசைக்ளின் குடும்பத்தில் அதுதான் மூத்தது. நிறம் பொன் மஞ்சள். அந்த மருந்தைக் காய்ச்சி எடுத்த பிறகு மிஞ்சிய சக்கையைத் தாமஸ் ஜூக்ஸ் என்பவர் குஞ்சுகளுக்குப் போட்டுப் பார்த்தார். குஞ்சுகள் வேகமாக வளர்ந்தன. நோயே இல்லாத கோழிக்கும் தினமும் தீவனத்தில் மருந்து என்ற வழக்கம் அந்தச் சக்கையில் தொடங்கியதுதான்.

மண்ணில் வாழும் ஒரு உயிர் பக்கத்து உயிரைக் கொல்ல நஞ்சு சுரக்கும்; அந்த நஞ்சு தன்னையே தின்றுவிடாமல் இருக்கத் தனக்கென ஒரு கவசமும் வைத்திருக்கும். அக்கம்பக்கத்து உயிர்களும் நாளடைவில் கவசம் தேடிக்கொள்ளும். கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டு உறைந்து கிடந்த மண்ணைத் தோண்டிப் பார்த்தபோது, டெட்ராசைக்ளினுக்கும் பென்சிலின் வகைக்கும் ஈடுகொடுக்கும் மரபணுக்கள் அதில் இருந்தன. 2011இல் அந்த ஆய்வு வெளியானது. மனிதன் மருந்து என்ற சொல்லைக் கண்டுபிடிக்கும் முன்பே எதிர்ப்பு மண்ணில் இருந்திருக்கிறது. ஆனால் எங்கோ ஒன்றிரண்டாக இருந்தது. நாங்கள் தொட்டி தொட்டியாகக் கலக்கியபோது கவசம் இல்லாதவை செத்தன, இருந்தவை மட்டும் பெருகின.

எங்கள் கொட்டகை எழுந்த அதே 1976இல், அமெரிக்காவில் ஸ்டூவர்ட் லெவி என்ற மருத்துவர் ஒரு சிறு பண்ணையில் செய்த சோதனை அச்சில் வந்தது. ஒரு பகுதிக் கோழிகளுக்கு ஆக்சிடெட்ராசைக்ளின் கலந்த தீவனம், மற்றதற்குச் சாதாரணத் தீவனம். ஒரே வாரத்தில் மருந்து தின்ற கோழிகளின் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் நிறைந்தன. ஆறு மாதத்துக்குள் பண்ணை வீட்டு மனிதர்களின் குடலிலும் அவை இருந்தன. அவர்கள் யாரும் மருந்து சாப்பிட்டவர்கள் இல்லை. நான் தொட்டி கலக்கிய காலத்திலேயே இது எழுதப்பட்டுவிட்டது. மோகனூருக்கு வந்து சேரத்தான் இத்தனை காலம்.

ஐயனின் நோட்டில் எருக்கணக்கைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது. பரமத்தி மஞ்சள் காட்டுக்கு 6 வண்டி, ராசிபுரம் குச்சிக்கிழங்குக் காட்டுக்கு 4 வண்டி. கோழி குடிக்கும் டெட்ராசைக்ளினில் பெரும்பகுதி உருமாறாமலே எச்சத்தில் வந்துவிடும். களிமண்ணோடு இறுக ஒட்டிக்கொள்ளும். மழை பெய்தால் ஓடையில் இறங்கும். எங்கள் பக்கத்து ஓடைகள் சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் வழியே வரும் திருமணிமுத்தாற்றுக்கோ, நேரே காவிரிக்கோ போகின்றன. மண்ணிலிருந்து எடுத்ததை எங்களை அறியாமல் பல மடங்காக மண்ணுக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். வட மாநிலங்கள் நான்கில் பண்ணைக் கழிவையும் சுற்றியிருந்த மண்ணையும் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சோதித்து 2017இல் வெளியிட்டது. பல மருந்துக்கு அடங்காத கிருமிகள் இரண்டிலும் இருந்தன.

கோலிஸ்டின் கதை இன்னும் கொடியது. அதுவும் மண் பாக்டீரியா தந்த மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று மனித வைத்தியத்தில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு, உயிருக்குப் போராடுகிறவருக்குக் கடைசி ஆயுதமாக அதைத் திரும்ப எடுத்தார்கள். அதே நேரத்தில் அதைக் கோழித் தீவனத்தில் சாதாரணமாகக் கலந்துகொண்டிருந்தார்கள். 2015 நவம்பரில், அதை முறிக்கும் எம்சிஆர்-1 என்ற மரபணு சீனாவில் பன்றிகளிலும் கடை இறைச்சியிலும் நோயாளிகளிடமும் இருப்பது தெரியவந்தது. ஒரு கிருமியிலிருந்து வேறு இனக் கிருமிக்குத் தாவக்கூடியது அது. 2019 ஜூலையில் இந்திய அரசு, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கோலிஸ்டினைத் தடை செய்தது. நல்ல முடிவு, பிந்தி வந்த முடிவு. மருந்துக் கட்டுப்பாடு வேண்டும் என்று இந்திய மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடிப் பிரகடனம் எழுதியது 2012இல்.

அம்மாவுக்குச் சிறுநீரில் கிருமி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தது 2016இல். கல்ச்சர் சோதனைத் தாளை டாக்டர் என் கையில் கொடுத்தார். இடப்பக்கம் மருந்துப் பெயர், வலப்பக்கம் ‘ஆர்’ அல்லது ‘எஸ்’. ஆர் என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்காது. வரிசையாக ஆர். அந்தப் பெயர்களைப் படிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பாதிப் பெயர்கள் கொட்டகைப் பாக்கெட்டுகளில் நான் பார்த்தவை. அம்மாவின் கிருமி எங்கள் கொட்டகையில் பிறந்தது என்று நான் சொல்லவில்லை. அவர் அங்கே நாற்பது வருஷம் முட்டை பொறுக்கினார் என்பதை மட்டும் சொல்கிறேன். கீழே இருந்த ஒரு ‘எஸ்’ அவரைக் காப்பாற்றியது.

ஊர் திரும்பியதும் புது நோட்டு வாங்கி, தீவனத்துக்குப் பக்கத்தில் மருந்துக்கு ஒரு பத்தி கட்டினேன். பெயர், அளவு, நாள், எந்தக் கோழிக்கு, எழுதிக்கொடுத்த கால்நடை மருத்துவர். எழுதத் தொடங்கியதுமே பாதி மருந்துக்குக் காரணம் எழுத முடியாமல் பேனா நின்றது. காரணம் இல்லாததை நிறுத்தினோம். தடுப்பூசியைத் தவறாமல் போட்டோம், தண்ணீர்க் குழாயைக் கழுவிக் குளோரின் போட்டோம், ஒரு கூட்டம் போனால் அடுத்தது வரும் முன் கொட்டகையைக் காயப்போட்டோம். எருவைப் பச்சையாக விற்காமல் குவித்து மக்க வைத்தோம். மக்கும் சூட்டில் மருந்தின் மிச்சம் முழுதும் போகாது, நிறையக் குறையும்.

பண்ணை வைத்திருக்கும் என் ஊர்க்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்று மாலை கணக்கு எழுதும்போது மருந்தை இதர செலவில் போடாதீர்கள். அதற்கென்று ஒரு பத்தி கட்டுங்கள், பெயரை எழுதுங்கள். எருவுக்கு வருகிறவர் கேட்டால் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.